மாமாவுக்காகப் பூக் கேட்ட நாள்

எங்கள் மாமா ரேக்ளா ஓட்டுவதில் கருமத்தம்பட்டி வட்டாரத்திலேயே பெரிய ஆள். ஒருவர் மட்டும் ஏறக்கூடிய சின்ன வண்டி, அதில் பூட்டிய இரண்டு காங்கயம் காளைகள், இருநூறு மீட்டர் ஓட்டம். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். தொண்ணூறுகளில் பொங்கல் கழிந்ததும் ஊர் ஊராகப் பந்தயம் நடக்கும். முதல் பரிசு யாருக்கென்று மைக்செட்டில் சொல்லும் முன்பே மாமாவைத் தோளில் தூக்கிவிடுவார்கள். கப்பும் தங்கக் காசும் மாட்டுக்காரருக்குப் போகும். ஓட்டிய மாமாவுக்கு மாலையும் துண்டும். அத்தையின் பீரோவில் சேலைக்கு இடமில்லாமல் அந்தத் துண்டுகள்தான் இருந்தன. அத்தைக்கு அதில் பெருமை உண்டு. பயம் அதைவிட அதிகம்.

ஒரு வருசம் வண்டி கவிழ்ந்து சக்கரம் மாமாவின் காலில் ஏறிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்து நடக்க ஆரம்பித்ததும் மாட்டுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனப்பா, ரெண்டு வருசமா கப்பு நம்முளுது. இந்தத் தடவையும் அடிச்சா நமக்கே சொந்தமாயிரும். உன்னைய உட்டா ஆரு ஓட்டறது?"

முடியாது என்று சொல்லி மாமாவுக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்தபடி, "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க. உத்தரவு கெடச்சா வாரனுங்க" என்றார்.

"கேளு, கேளு. உம்பட ஓட்டத்தப் பாக்க ஆத்தாளே மொத ஆளா வந்து நிப்பா!"

எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்பை இன்னொன்றிலும் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை ஏதாவதொன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வழக்கமாகப் பூசாரிதான் மடிப்பார். அன்று மாமா, "நானே மடிக்கறனுங்க" என்று பூத்தட்டை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பழக்கமில்லாத வேலையாக்கும் என்று நினைத்தேன்.

எடுக்கும் குழந்தை நான். அத்தை என் காதோரம், "சாமிய நல்லா நெனச்சுட்டு எடு அம்மணி" என்றாள். அவள் எந்தப் பூவைக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

மாட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சொன்னதுக்கு மேல நாம என்னத்தப் பேசறது? வேற ஆளப் பாக்கறேன்" என்று முகம் கோணாமல் கிளம்பிப் போனார். அத்தை கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

மிஞ்சிய பொட்டலத்தை, வெள்ளைப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாமென்று, நான் பாவாடையில் முடிந்து வந்திருந்தேன். சோறு தின்றுவிட்டுப் பிரித்தால் அதிலும் சிவப்பு!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆத்தா வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாளே! மாமாவிடம் சொல்ல ஓடினேன். பட்டப்பகலில் கட்டிலில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தைதான் பூவை வாங்கிப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு பூவைக் கண்ணில் ஒற்றி என் சடையில் செருகினாள்.

"இத ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு. மாமனையும் எழுப்பாத. வண்டி கவுந்ததுலருந்து இன்னிக்குத்தான் கண்ண மூடறாரு."

சாமி செய்த அற்புதத்தை ஏன் மறைக்க வேண்டும், காளைக்கே பயப்படாத மாமாவுக்கு இத்தனை நாள் ஏன் தூக்கம் வரவில்லை, ஒன்றும் விளங்காமல் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் மேல் மொய்த்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தேன்.