இரண்டு கொம்பு முளைத்த கம்ப்யூட்டர்

அக்காவின் லேப்டாப்பில் கேழ்வரகுக் கூழைக் கொட்டியது நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. பாவாடையால் துடைத்து, மூடி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். மறுநாள் அது உயிர் பெறவில்லை. என்ன ஆனதென்று தெரியவில்லை என்று அக்கா சொன்னபோது, நானும் தெரியவில்லை என்றேன்.

எந்தக் கல்லூரி வேண்டும் என்று அக்கா பதிந்து முடிக்க மூன்று நாள்தான் இருந்தது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில், புளியமரக் கிளையில் போனைக் கட்டினால்தான் நெட் கிடைக்கும். அப்பாவின் போனிலோ பதிய வேண்டிய இணையப் பக்கம் பாதிதான் திறக்கும். மாமா கொடுத்த பழைய பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதற்கு வைஃபை கிடையாது.

மாமா வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தார். அக்கா மரத்தடியில் நின்று அவருக்குப் போன் போட்டாள். செத்த லேப்டாப்பின் வைஃபை கார்டைக் கழற்றினால் போதும், அதைப் பெரிய கம்ப்யூட்டரில் பொருத்த அடாப்டர் இருக்கிறது என்றார். மறுநாள் சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கையில் அது வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவு பலகை, கூடவே இரண்டு ஆன்டெனா.

அக்கா லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தாள். உள்ளே கூழ் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"எவ்ளோ தூசி பாரு" என்று ஊதிவிட்டு, தபால்தலை அளவிருந்த கார்டை எடுத்து அடாப்டரில் சொருகினாள். நான் டார்ச் பிடித்தேன். கம்ப்யூட்டரின் முதுகில் இரண்டு கொம்புகள் முளைத்தன.

அப்பா போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மரமேறிக் கட்டினார். இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று பயந்து கிளையிலேயே உட்கார்ந்துகொண்டார். நெட் வந்தது.

சென்னையில் ஒரு கல்லூரியை அக்கா முதலிடத்தில் வைத்தாள். அவள் மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். கடைசிப் பொத்தானை மட்டும் எனக்கு விட்டாள்.

"நீயே அமுக்குடி."

அமுக்கினேன். சென்னை வேலூரைவிடத் தூரமா என்று கேட்டேன். ரொம்பத் தூரம் என்றாள். தூரம் கூடக்கூடப் பரிசும் பெரிது என்று எனக்கு நினைப்பு. ஊரெல்லாம் ஓடி, அக்கா வேலூரையும் தாண்டிப் போறா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வர்றதுக்குப் போறதுக்கு எத்தினி பஸ்ஸு மாறணும்?"

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் அம்மாவுக்கு ஏன் பஸ் ஞாபகம் வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.