சோற்றில் நட்ட ஸ்பூன்

வலது கையில் திரையில் வரைகிற பேனாவைப் பிடித்துக்கொண்டு சோறு பிசைய முடியாது. திரையெல்லாம் குழம்பாகிவிடும். அதனால் வீட்டில் எனக்கு மட்டும் ஸ்பூன். அம்மா அதைச் சும்மா தரமாட்டாள். குவித்த சோற்றின் நடுவே நட்டு வைத்துவிட்டுப் போவாள். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினால் போதும், கிடைத்துவிடும். அம்பத்தூர் ஆபீஸில் நாளெல்லாம் யாருடைய விளம்பரத்துக்கோ எழுத்தை இடமும் வலமும் நகர்த்திவிட்டு, ரயிலில் இடிபட்டு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தால், எனக்கென்று இருந்தது அந்தத் தட்டும் என் காமிக்ஸும்தான்.

போனில் மேலே தள்ளித் தள்ளிப் படிக்கிற காமிக்ஸ். பழைய கொரியா மாதிரி ஒரு ராஜ்ஜியம், மனித உருவெடுக்கும் நரி, அதைத் தேடி அலையும் வீரன். வியாழக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். கொரியா எங்கே, நான் எங்கே! அரக்கோணத்தைத் தாண்டி ரயிலில் போனதில்லை. வீரனின் அம்மாவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது எங்கள் அம்மாவின் முகத்தையே போட்டேன். அவளும் மகனும் சாப்பிடும் காட்சியில் இரண்டு கிண்ணத்திலும் ஸ்பூனை நட்டேன். அன்பு என்று நினைத்துத்தான் வரைந்தேன்.

வாசகர் குழுவில் பூந்தமல்லிப் பெண் ஒருத்தி உண்டு. கொரியத் தொடர் ஒன்றையும் விடமாட்டாள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, செம! அந்த ஊர்ல செத்தவங்களுக்குப் படைக்கிறப்பதான் சோத்துல ஸ்பூன நட்டு வெப்பாங்க. அந்தம்மாகூட புள்ளையத் தவிர யாருமே பேசல. அப்ப அது ஆவிதானே?"

குழுவே பற்றிக்கொண்டது. எனக்கு அந்த வழக்கமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. சோம்பலில்தான் வீரனின் அம்மாவுடன் வேறு ஆட்களை வரையவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். "கண்டுபிடிச்சிட்டீங்களா!" என்று போட்டேன். கேவலம், அந்தப் பாராட்டுக்கு அவ்வளவு ஆசை. அடுத்த வாரமே வீரனின் அம்மாவை ஆவியாக்கினேன்.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் கட்டி. மருந்து ஏற்றப் போகிற நாட்களில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து என் காமிக்ஸைத்தான் படிப்பாள். குழுவுக்குள் போய் வாசகர்கள் எழுதுவதையும் படிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இடது கையை நீட்டினேன். விரல்கள் சுடுசோற்றுக்குள் போயின. "ஸ்பூன் எங்கம்மா?" என்று எரிந்து விழுந்தேன்.

"பக்கத்துல வெச்சிருக்கேன் பாரு. இப்பிடி வெச்சா தப்பில்லல்ல?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பொம்பள நான்தானே? என்னைய சாகடிச்சா சாகடிச்சிக்கோ. ஏன்டி, இத்தினி வருஷமா உனக்குல்ல நான் அப்பிடி நட்டு வெச்சிகினு இருந்தேன்?"

"ஐயோ, அது எவனோ ஊரு வழக்கம்மா! நமக்கென்ன?" கத்திவிட்டேன். சமாதானம் சொல்லத் தெரியாதவர்கள்தானே கத்துவார்கள். அம்மா நகரவில்லை.

"அப்ப அவளப் பொழைக்க வெச்சிடேன்."

"அடுத்த வாரம்மா" என்றேன்.

அடுத்த வாரம் ஆவியின் பழைய கதையை எல்லாரும் கேட்டார்கள். வரைந்தேன். அதற்கடுத்த வாரமும் அதுவே. அம்மா வியாழக்கிழமை திறந்து பார்ப்பாள். போனைக் கவிழ்த்து வைப்பாள். நான்காவது வியாழக்கிழமை அம்மா இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் குழுவில் எழுதினேன். ஸ்பூன் என் தப்பு, அந்த வழக்கம் எனக்குத் தெரியாது, எங்கள் அம்மா எனக்கு அப்படித்தான் சோறு வைப்பாள், வீரனின் அம்மா ஆவியே இல்லை. அம்மா போனதை மட்டும் எழுதவில்லை. ஒருவரும் நம்பவில்லை. "ஓவரா கலாய்க்காதீங்க" என்று சிரித்தார்கள்.

பூந்தமல்லிப் பெண் மட்டும் திரும்பக் கேட்டாள்: "அக்கா, மெய்யா சொல்லு. அந்தம்மா உசுரோடவா கீறாங்க?"

"இல்லை" என்று அடித்து அனுப்பினேன்.

"பாத்தியா! நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று உடனே பதில் வந்தது.