பையை யார் பாத்துக்கறது?

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நம்ப வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. இருட்டு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில். சுற்றிலும் நூறு இருநூறு பேர் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு மணலில் வறுபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில்தான் நடந்தது.

கம்பெனி வேலையாக வெளிநாடு போயிருந்தேன். ‘நாளைய தலைமை’ என்று மூன்று நாள் மாநாடு. தலைவன் என்பவன் தன் சுமையைத் தானே சுமப்பவன் என்று எங்கள் நிர்வாக இயக்குநர் மேடையில் கண் கலங்கப் பேசினார். அவருடைய கோட்டு, லேப்டாப், மாத்திரை டப்பா மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். கைதட்டக் கை இல்லாததால் தலையை ஆட்டினேன். நான்காம் நாள் காலையில் பெரியவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். எனக்குப் போட்டது மலிவு டிக்கெட், ராத்திரிதான் விமானம். ஒரு பகல் முழுக்க எனக்கே எனக்கு.

தனியாகப் பயணம் போனால் நம்மை நாமே கண்டுபிடிக்கலாம் என்று அலுவலகத்தில் ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருப்பாள். கண்டுபிடித்து என்ன செய்வது? இருக்கிற ஆளையே என்னால் கட்டி மேய்க்க முடியவில்லை. ஆனால் ஓர் ஆசை இருந்தது. கடலில் இறங்க வேண்டும். சிரிக்காதீர்கள், இந்த வயசு வரை நான் இறங்கியதில்லை. எங்கள் குடும்பத்தில் எங்கே போனாலும், “நீ பையப் பாத்துக்கோ, நாங்க இப்ப வந்துடறோம்” என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். அருவியில், பொருட்காட்சியில், ரயிலடியில். என் கல்யாணத்தன்றே பெட்டிச் சாவிக் கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. போட்டோவில் உற்றுப் பார்த்தால் தெரியும்.

பெட்டியை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு, ஒரு துண்டோடு கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. உடம்பு மூன்று நாள் அலுப்பில் கெஞ்சியது. முதலில் கொஞ்சம் சாய்ந்துகொள்வோம் என்று நினைத்தேன். குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க ஊர் ஆள் ஒருத்தர் அங்கே இருக்கார். பக்கத்துல போடறேன்” என்றாள்.

ஐம்பது வயதுக்காரர். வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பெரிய பைகள். அவற்றின் வாரை மணிக்கட்டில் சுற்றி முடிச்சே போட்டிருந்தார். பாயின் ஓரத்தில் மூன்று ஜோடிச் செருப்பு... பெண் செருப்பு, ஆண் செருப்பு, ஒரு குழந்தைச் செருப்பு. மூன்றும் வெளுத்து, வார் வெடித்து, அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. கொஞ்சம் கஞ்சக் குடும்பம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“தமிழா சார்?”

“ம்.”

“எல்லாரும் தண்ணியில... நீங்க மட்டும் காவலா? நம்ம கட்சி சார் நீங்க!”

லேசாகச் சிரித்தார். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன முகம். “பையை யார் பாத்துக்கறது, சார்?” என்றார்.

சற்று நேரத்தில் கடலிலிருந்து மூன்று பேர் ஏறி வந்தார்கள். மனைவி, மனைவியின் தம்பி, எட்டு வயசுப் பெண் குழந்தை. என்ன கலகலப்பு! வெளிநாட்டில் தமிழ் கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்குப் பால் குடமே கவிழ்ந்தது.

“அடடே, நம்மாளு! சாப்டீங்களா தம்பி?” என்றார் அவர் மனைவி.

மூன்று நாளில் என்னை யாரும் கேட்காத கேள்வி. கரைந்துபோனேன்.

“எங்க மாமாவுக்குத் தண்ணின்னாலே அலர்ஜி சார்” என்றான் தம்பிக்காரன். “அக்கா மிரட்டினாத்தான் வீட்லயே குளிப்பாரு.”

“அப்பா, வாங்கப்பா” என்றது குழந்தை.

“வாங்களேங்க. எவ்வளவு நேரம்?” என்றார் அம்மாள்.

அவர் பைகளைப் பார்த்தபடியே சொன்னார். “பையை யார் பாத்துக்கறது?”

அவ்வளவுதான். பேச்சு பாதியில் நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒரே நேரத்தில் நடந்தார்கள். தண்ணீருக்குள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இதே பதிலை நான் சொன்னால் அரைமணி நேரம் பட்டிமன்றம் நடக்கும். அடக்கமான குடும்பம் என்று மெச்சிக்கொண்டேன்.

பிறகு மறுபடி வந்தார்கள். மறுபடியும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் என்னோடு கொஞ்சம் பேச்சு, பிறகு அவரை அழைப்பது, அவர் அதே பதிலைச் சொல்வது, அவர்கள் திரும்புவது. என் அம்மாவின் முழங்கால் வலி வரை விசாரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். பக்கத்துக் குடையில் படுத்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி என்னையே பார்த்துவிட்டு நாற்காலியைத் தூரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நம் சத்தம் தாங்கவில்லை போலும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன்.

“தம்பி மாதிரி பொறுப்பான ஆளப் பாக்கறதே அபூர்வம்” என்றார் அந்த அம்மாள். “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எதையும் நம்பிக் குடுக்கலாம்.”

இருபது வருஷ வேலையில் கம்பெனி எனக்குத் தராத சான்றிதழ். மார்பு விரிந்தது.

ஆனால் சின்னச் சின்னதாக ஏதோ உறுத்தியது.

அவர்கள் பாயில் உட்காரவே இல்லை. பாய் முடிகிற இடத்தில் வந்து நின்றுகொண்டார்கள். ஒரு விரல்கூட உள்ளே வைக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மூவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வாங்கவில்லை.

அந்தக் குழந்தையின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. டப்... டப்... நன்றாகக் கேட்டது. கீழே பார்த்தேன். மணல் காய்ந்து கிடந்தது.

அவரோ அவர்கள் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பை வாரை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். திருட்டுப் பயம் என்று நினைத்தேன். பாவம், அவருக்கும் இறங்க ஆசைதான், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அதில் மேல்முறையீடே இல்லை. என்னைப் போன்ற இன்னொரு பைக்காவல்காரனுக்கு ஒரு நாள் விடுதலை வாங்கித் தருவது... அப்படி ஒரு பெரிய மனுஷத்தனம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. என் குளியல் பிறகு ஆகட்டும்.

மணி மூன்று இருக்கும். மறுபடி வந்தார்கள்.

“அப்பா, வாங்கப்பா.”

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“நீங்க போங்க சார். பையை நான் பாத்துக்கறேன்.”

அலைச் சத்தம் நின்றது. அலை அடித்துக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே இருந்தது.

“தம்பி சொல்லிட்டாரு” என்றார் அந்த அம்மாள், மெதுவாக. “கேட்டுச்சாங்க?”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “வேணாம் சார்...”

“அட, போங்க சார்.”

“வேணாம் சார். சும்மா சொன்னேன்னு சொல்லிடுங்க.”

“எனக்கு ஒரு சிரமமும் இல்ல.”

“சார்... வேணாம்...”

நம் ஆட்களின் மரியாதை எனக்குத் தெரியாதா? ஒரு வாய் காப்பிக்கே மூன்று தடவை வேண்டாம் என்போம். நாலாவது தடவை ஊற்றுகிறவன்தான் மனுஷன் என்போம். அவர் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சை நானே அவிழ்த்தேன். வாரை என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

குழந்தை முதல்முறையாகப் பாயின் மேல் கால் வைத்தது.

அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

அவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். 

நான்கு பேரும் நடந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கையைக்கூட ஆட்டினேன்.

அவருக்கு முழங்கால் அளவு தண்ணீர்.

இடுப்பளவு.

மார்பளவு...

பக்கத்தில் அந்தக் குழந்தை. எட்டு வயசு. அதற்கு... முழங்கால் அளவு.

எழுந்து நின்றேன்.

அவருக்குக் கழுத்து. குழந்தைக்கு முழங்கால். அவளுக்கு முழங்கால். அவனுக்கும்...

அவர் திரும்பிப் பார்த்தார்.

“சார்!” என்று கத்தினேன். ஓடினேன். கேட்டால் கேவலமாக இருக்கும், இரண்டு பையையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேனே.

ஒரு அலை.

யாரும் இல்லை.

சத்தம் திரும்பி வந்தது. அலை, பறவை, எங்கோ ஒரு விசில்... கடற்கரை உயிர்க்காவலர்கள் படகோடு பாய்ந்தார்கள். தெரிந்த எல்லா மொழியிலும் நான் அலறினேன். நாலு பேர், நாலு பேர் என்று விரலைக் காட்டினேன்.

ஐந்து மணிக்கு அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. படகை நிறுத்திவிட்டார்கள்.

“இன்னும் மூணு பேரு!” என்றேன். யாரும் நகரவில்லை.

குடை வாடகைக்கார அம்மாள்தான் வந்து என்னை உட்கார வைத்தாள். அவள் திக்கித் திக்கிச் சொன்னதை நம் தமிழில் சொல்கிறேன்.

“எந்த மூணு பேரு? நீங்க காலையிலேருந்து காத்தோடதான் பேசிட்டிருந்தீங்க. குடிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

 பெண், ஆண், குழந்தை என்று கையால் உயரம் காட்டினேன்.

அவள் என் கை காட்டிய உயரத்தையே பார்த்தாள்.

“அவங்க போய் ஏழு வருஷம் ஆச்சு. இதே இடம். ஒரே அலை, மூணு பேரும் போயிட்டாங்க. இவர் பையோட கரையில இருந்தாரு. அதனால தப்பிச்சாரு. வருஷா வருஷம் அதே தேதிக்கு வருவாரு. பை, செருப்பு எல்லாத்தையும் அதே மாதிரி வெச்சுக்கிட்டு உக்காருவாரு. பொழுது சாஞ்சா அழுதுகிட்டே போவாரு.”

“எதுக்கு வரணும்?” என்றேன். 

“நானும் கேட்டேன். வரலன்னா அவங்க வீட்டுக்கு வந்துடறாங்களாம். ஒரு வருஷம் வராம இருந்து பாத்தாராம். வாசல்ல நின்னு கூப்பிட்டாங்களாம், ராத்திரி பகல்னு இல்லாம. வீட்ல என்ன காரணம் சொல்றது? இங்கன்னா பை இருக்கு. பையை யார் பாத்துக்கறதுன்னு கேட்டா அவங்களால பதில் சொல்ல முடியல, திரும்பிப் போயிடறாங்க, அடுத்த வருஷம் வரைக்கும் கவலையில்லன்னு சொன்னாரு. சோகத்துல பேசறார்னு விட்டுட்டேன்.”

என் தோளில் வார் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

“போன வருஷம் பாக்கப் பாவமா இருந்துச்சு. நீ போய்க் கால நனைச்சுட்டு வா, பையை நான்...னு ஆரம்பிச்சேன். முடிக்க விடல. பாஞ்சு வந்து என் வாயைப் பொத்திட்டாரு.”

அவள் தன் உதட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.