கட்-ஆஃபுக்கு நாலு மார்க் கீழே

தொண்ணூற்றொன்றில் நான் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலையில் இருந்தேன். அதற்கு முன்னால் லாரி கிளீனர், அதற்கும் முன்னால் சூரத்தில் சாயப்பட்டறை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஒரு ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். அதற்காகத்தான் கடைக்காரர் என்னை வைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பாரத்தையும் பூர்த்தி செய்து தரச் சொல்வார்கள். ராத்திரி என் படுக்கையும் கடையில்தான், மெஷினுக்குப் பின்னால், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில்.

இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் அரைகுறை. சர்டிபிகேட்டில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து பாரத்தில் எழுதுவேன். யாரையும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் கூட்டம் நகராது.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடைக்காரர் ஒரு பேப்பர் கட்டிங் வைத்திருந்தார். போன வருஷம் டாக்டர் படிப்புக்குக் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க், ஓ.சி., பி.சி., எஸ்.சி. என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கட்டமாக. ஜூன் மாதம் முழுக்க ஜனங்கள் அந்தக் கண்ணாடி மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சிலர் பாரத்தை எடுப்பார்கள், பலர் பேசாமல் பஸ் ஏறிவிடுவார்கள்.

அப்படித்தான் வடக்குப்பட்டிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் அரிசி மில்லில் நெல் அவிக்கிறவர். பெண் அந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதி, மார்க்கும் வந்திருந்தது. கிறிஸ்தவர்கள் என்பதால் பி.சி. கட்டத்தைப் பார்த்தார்கள். நாலு மார்க் குறைந்தது. பாரத்தை மட்டும் மெட்ராஸில் வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்தார்கள். கடைசி நாள் மறுநாள்.

“இன்னா தம்பி, போடலாமா, வேணாமா?” என்று அவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து டீக்கடைக்காரர் வந்துவிட்டார். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்து சொல்கிற மனிதர்.

“நாலு மார்க்குன்னா சும்மாவா? நடுவுல எத்தினி நூறு பேரு நின்னுகினு இருப்பான் தெரியுமா? டீச்சர் ட்ரெய்னிங்ல சேத்து வுடு. பொழுத வீணாக்காத.”

“அது போன வருஷத்து லிஸ்ட்டு. போன வருஷம் நான் பரீட்ச எழுதல” என்றாள் அந்தப் பெண்.

“வாயி இப்பவே டாக்டராயிடுச்சி” என்று அவர் டம்ளரைக் கழுவப் போனார்.

நான் போடச் சொன்னேன். கூப்பிடாத இடத்தில் போய் வேலை கேட்டே வளர்ந்தவன் நான். இல்லை என்று சொல்வார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து டி.சி.யை வாங்கி எதிரே வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் முடிந்தபோது அவள் குனிந்து பார்த்தாள்.

“அண்ணா, மதம்ன்ற எடத்துல இந்துன்னு எழுதிக்கீறீங்க.”

“டி.சி.ல அப்படித்தாம்மா கீது.”

அவள் ஒண்ணாவது சேர்ந்தபோது எழுதியது அது. அதற்கு அடுத்த வருஷம்தான் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார்கள். டி.சி.யை யாரும் திருத்தவில்லை. அப்பாவோ இப்போது அந்த ஊர் சர்ச்சில் மணி அடிக்கிறவர். நான் வழக்கம்போல மதத்தையும் ஜாதியையும் பார்த்து எழுதி, எஸ்.சி. என்ற கட்டத்தில் டிக் போட்டு முடித்திருந்தேன். கிறிஸ்தவராகிவிட்டால் பி.சி.தான் என்பது எனக்கும் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

அவர் மெதுவாகக் கண்ணாடி மேல் விரலை நகர்த்தி, நான் டிக் போட்ட வகுப்பின் கட்டத்தில் நிறுத்தினார். அதில் இருந்த மார்க்கைவிட அவளுக்கு ஆறு மார்க் அதிகம்.



“இருக்கட்டும் தம்பி. எழுதனது எழுதனதாவே இருக்கட்டும்” என்றார்.

“நைனா” என்றாள் அவள்.

“டி.சி.ல கீறதத்தான எழுதிக்கீறாரு. நாம ஒண்ணும் புச்சா எழுதல. மணிய வேற யாரனா அடிச்சிக்கட்டும். நான் நின்னுக்கறேன்.”

“ஜாதி சர்டிபிகேட் குடுக்கறப்ப ஆபீசருங்க வூட்டாண்ட வந்து, எந்தக் கோயிலுக்குப் போறன்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

“எங்கயும் போறதில்லன்னு சொல்றேன்.”

“நீயா? மில்லுல லீவு கேக்கறதுக்கு வயித்து வலின்னு சொல்லுன்னு அம்மா சொல்லி அனுப்புச்சி. நேராப் போயி, மச்சான் வூட்டுக் கல்யாணம்னு நெசத்த சொல்லிட்டு வந்த ஆளு நீ.”

டீக்கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் அவர் பக்கம்தான் பேசினேன். அதில் எனக்கு இப்போதும் வெட்கமில்லை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அவர்கள் இருந்தது அதே தெருவில்தான். ஊர்க்காரர்கள் அவரைக் கூப்பிடுகிற விதமும் மாறவில்லை. பாரத்தில்தான் கட்டம் மாறியது. “யாரு வந்து பாக்கப் போறாங்க, அப்படியே வுடும்மா” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்: “எனக்கு சீட்டு வேணும் நைனா. வேணாம்னு சொல்லல. ஆனா அஞ்சு வருஷம் நீ ஞாயித்துக்கெழம ஆனா வூட்டுல ஒளிஞ்சிக்கினு ஒக்காந்திருப்ப. அத்த பாத்துக்கினு என்னால படிக்க முடியாது.”

என் கையிலிருந்த பேனாவை வாங்கி, இந்து என்பதையும் எஸ்.சி. டிக்கையும் அவளே அடித்தாள். மேலே கிறிஸ்தவம், பி.சி. என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கோடு கொஞ்சம் அழுத்தமாக விழுந்து பேப்பர் கிழிகிற மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் இரண்டு பேரும் மெட்ராஸ் போய் நேரிலேயே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

புது லிஸ்ட் பேப்பரில் வந்த அன்று, கடைக்காரர் பழைய கட்டிங்கை எடுத்துவிட்டு அதை வைத்தார். அவள் சொன்னது சரிதான், இந்த வருஷம் கோடு இறங்கியிருந்தது. இரண்டு மார்க் இறங்கியிருந்தது. அவளுக்கு இன்னும் இரண்டு வேண்டும்.

மில்லிலிருந்து போகிற வழியில் அவர் வந்தார். தோளெல்லாம் தவிடு. முதலில் மகளுடைய கட்டத்தைப் பார்த்தார். பிறகு மற்றதைப் பார்த்தார். அங்கே கோடு ஏறியிருந்தாலும் அவள் மார்க்கைத் தொடவில்லை.

“இதுல போட்டிருந்தா கெடச்சிருக்கும் இல்ல?”

“கெடச்சிருக்கும்” என்றேன். 

“அன்னிக்கி நான் கொஞ்சம் அதட்டியிருக்கணும்” என்றார். பஸ் வந்தும் ஏறாமல் நின்றுகொண்டிருந்து, அடுத்த பஸ்ஸில் போனார்.

மூன்று நாள் கழித்து அவள் தனியாக வந்தாள். நர்ஸிங்குக்குப் பாரம் போட வேண்டும், எல்லா சர்டிபிகேட்டிலும் ஆறு காப்பி. கண்ணாடியைக் குனிந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும்.

“நைனா இங்க வந்தாரா?”

“வந்தார்.”

“ரெண்டு கட்டத்தயும் பாத்தாரா?”

“பாத்தார்.”

“அதான் மூணு நாளா சரியாப் பேசல, சாப்புடல.” காப்பிகளைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “இப்ப கேட்டாலும் அப்படியேதான் அடிச்சி எழுதுவேன்னு நான் சொன்னதா அவராண்ட சொல்லுங்கண்ணா. நான் சொன்னா ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனச்சிக்குவார்.”

“நெசமாவே அப்படியேதான் எழுதுவியா?”

அவள் காப்பிகளைப் பைக்குள் வைத்தாள்.

“தெரியலண்ணா. ஆனா அவராண்ட அப்படியே சொல்லுங்க.”

சாயங்காலம் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிட்டு மில் வாசலுக்குப் போனேன். அவள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தெரியல என்று சொன்னதை விட்டுவிட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, நர்ஸிங் பாரத்துக்கு எத்தனை போட்டோ வேண்டும் என்று கேட்டார்.