மாத்தாளுக்கு வந்த பட்டணம்

சென்னை எனக்குப் பிடித்த ஊர். இதைச் சொன்னால் இரண்டு பக்கத்தாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் பிறந்தவள் இந்தப் புழுக்கத்தை எப்படி விரும்பலாம் என்று சென்னைக்காரர்கள் கேட்கிறார்கள். மலைக்காரர்கள் கேட்பதுகூட இல்லை. பாவம், வாழ்க்கைப்பட்ட இடம், வேறு வழி என்ன என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும். மலைக்காரர்கள் மேல் கொஞ்சம் கூடுதலாக.

என் வீட்டுக்காரரும் அதே மலைதான், அரியூர் நாட்டுக்காரர். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்து அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். அப்போது எங்கள் தெருதான் சென்னையின் கடைசி. அதற்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் எருமைகள். இப்போது பஸ்ஸேறி ஒரு மணி நேரம் போனாலும் சென்னை முடிவதில்லை. பாதி ஏரியின் மேல் அடுக்குமாடி எழும்பிவிட்டது. எருமைகள் மட்டும் பழைய வழியை விடாமல் சாயங்காலம் அந்தக் கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டு, வாட்ச்மேன் விரட்டியதும் திரும்பி வருகின்றன. ஏரி போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஊர் பரந்துகொண்டே போகிறது என்று மூக்கால் அழுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். நானும் பரந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டவள்தானே.

பிடித்த ஊர் என்பதற்காகக் குறை சொல்லாமல் விட முடியுமா? பங்குனியிலேயே ஆரம்பித்துவிடும் வெயிலைச் சொல்லலாம். தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவில் நடக்கும் குஸ்தியைச் சொல்லலாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், சாவியை எடுப்பதற்கு முன்னாலேயே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்களே, அதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். "மலை ஆளுங்க" என்பேன். அவர்கள் முழிப்பார்கள். முழிக்கட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

டவுன் பஸ்ஸைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் குறை பேசக்கூடாது. மலை பஸ்ஸில் ஏறினால் யார் மகள், எங்கே போகிறாய், ஏன் தனியாகப் போகிறாய், மாமியார் சம்மதித்தாளா என்று ஆரம்பித்து, செம்மேடு வருவதற்குள் நம் சரித்திரம் டிரைவர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் தோளில் நான் தூங்கி விழுந்திருக்கிறேன். அவள் இறங்கும் இடம் வந்ததும் "அக்கா, எழுந்திரிங்க" என்றாள், அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஊரில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை.

பட்டணத்தில் யாருக்கும் யாரும் இல்லை என்பார்கள். இதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும் பேச்சு. எங்கள் அண்ணன் இதை டிவியில் பார்த்துவிட்டு, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்து விடுவார். நானும் விடமாட்டேன். இரண்டு பேரும் கத்துவோம், அண்ணி வந்து நடுவில் சோற்றுத் தட்டை வைப்பாள்.

அண்ணன் சொன்னதை நானும் நம்பிய ஒரு நாள் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் மாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி ஆள் தேடுவதில்லை. இன்றைக்கு உன் வயலுக்கு என் வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தால், நாளைக்கு என் வயலுக்கு உன் வீட்டிலிருந்து ஒரு ஆள் வரவேண்டும். அதுதான் மாத்தாள். கூரை மாற்றினாலும் அப்படித்தான், சுவர் வைத்தாலும் அப்படித்தான். வேலை நடக்கிற வீட்டைக் கண்டால் போய் நிற்போம், யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை.

சென்னைக்கு வந்த புதிதில் எதிர்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா. தெருவில் லாரி நிற்கிறது, சாமான் இறங்குகிறது, அந்த அம்மா இடுப்பில் குழந்தையோடு திண்டாடுகிறார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். பாத்திர மூட்டைகளைத் தூக்கினேன், தரையைத் தேய்த்துக் கழுவினேன், அடுப்பைக்கூடப் பற்றவைத்துக் கொடுத்தேன். பொழுது சாயும்போது அந்த அம்மா என் கையில் ஒரு நோட்டை அமுக்கி, "நாளையிலேர்ந்து தினம் வந்துடறியா? மாசம் எவ்வளவு கேக்கறே?" என்றார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நோட்டை அலமாரி மேல் வைத்தேன். "நான் கூலிக்கு வரலீங்க, மாத்தாளுக்கு வந்தனுங்க. எங்க ஊட்டுல வேலை வந்தா நீங்க ஒரு நாள் வரோணும்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. பேங்க் அம்மா நின்றார். யாரிடம் கேட்டாரோ, என்ன யோசித்தாரோ தெரியாது. "ஏதாவது வேலை இருக்கா? வரணும்னு சொன்னியே" என்றார். இல்லை என்று சொல்லி அனுப்பினால் மறுபடி வரமாட்டாரோ என்று பயந்து, சின்ன வெங்காயக் கூடையை முன்னால் தள்ளினேன். முழுக்கூடையையும் கண்ணீரும் மூக்குமாக உரித்துவிட்டுத்தான் போனார்.

அப்படி ஆரம்பித்தது. நான் இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கியபோது ஆட்டோக்காரத் தம்பியும் அவன் பெண்டாட்டியும் கிரைண்டரை இறக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டு வளைகாப்புச் சமையலுக்கு நான் சட்டுவம் பிடித்தேன். அறுபதாம் கல்யாணம், வெள்ளையடிப்பு, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த நாள் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. "அக்கா, மாத்தாள் இருக்குதா?" என்று ஆட்டோக்காரத் தம்பி எங்கள் ஊர்ச் சொல்லைச் சென்னை வாயால் கேட்கும்போது காதுக்கு வேடிக்கையாக இருக்கும். இதை அண்ணனிடம் சொன்னால், "தெருவுக்குள்ள ஒரு எட்டு எடுத்து வெக்கறதெல்லாம் ஒரு வேலையா கண்ணு?" என்று அடக்கிவிடுவார்.

போன மார்கழியில் அண்ணனுக்குக் கால் உடைந்தது. மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு சரிவில் வழுக்கிவிட்டார். கட்டுப் போட்டுக் கட்டிலில் படுத்திருந்ததால் அந்த அறுப்புக்கு அவர் யார் வயலுக்கும் போக முடியவில்லை. அண்ணி அவரையும் மாட்டையும் விட்டு எங்கே போவாள்? பள்ளக்காட்டில் எல்லார் நெல்லும் ஒரே சமயத்தில் பழுத்து நின்றது. தனக்கு ஆள் கொடுத்தவனுக்குத்தான் முதலில் ஆள் போகும், அதுதான் முறை. அண்ணன் முறை கடைசிக்குப் போய்விட்டது. கூலிக்குப் போகிறவர்கள் கேரளத்தில் இருந்தார்கள். அறுப்பு மெஷின் அந்தச் சரிவில் இறங்காது. பொங்கல் கழிந்ததும் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். பழுத்துச் சாய்ந்த நெல் நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும், அந்த வருஷத்துச் சாப்பாடு போய்விடும்.

"போனாப் போகுது, விடு" என்றார் போனில். அண்ணன் குரலில் அப்படி ஒரு தோல்வியை நான் கேட்டதில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"நான் ஆள் கொண்டு வாரேனுங்கண்ணா."

"எங்கிருந்து?"

"எங்க தெருவுல இருந்து."

கால் வலியிலும் மனுஷன் சிரித்தார். "பொங்கலுக்கு ஊட்டுல கரும்பு கடிக்கறத உட்டுப்போட்டு, பட்டணத்துச் சனம் உனக்காக நெல்லறுக்க மலையேறி வருமா? ஒரு ஆளு வந்தாக்கூட நீ சொல்றதையெல்லாம் ஒத்துக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். தெருவுக்குள் வெங்காயம் உரிப்பது வேறு, பண்டிகை விடுமுறையை விட்டுவிட்டு ஒரு ராத்திரிப் பயணம் வந்து சேற்றில் குனிவது வேறு. யாரும் வரவில்லை என்றால் நெல்லும் போகும், இத்தனை வருஷம் நான் கத்தியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்றும் ஆகும். பேங்க் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் ரிட்டையர் ஆகி முட்டி வலியோடு இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "எப்போ கிளம்பணும்?" என்றார். "முட்டி?" என்றேன். "உட்கார்ந்து செய்யற வேலை ஒண்ணுகூடவா இருக்காது?" என்று கோபித்துக்கொண்டார்.

ஆட்டோக்காரத் தம்பி ஒரு வேன் பிடித்தான். அவன் பெண்டாட்டி, இஸ்திரிக் கடைக்காரர், மாடி அறையில் தங்கியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் இரண்டு பேர், என் வீட்டுக்காரர், நான், முன் சீட்டில் பேங்க் அம்மா. பொங்கல் வைத்த அன்றைக்கு ராத்திரியே கிளம்பினோம். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் விடிந்தது. அங்கே கடையைத் திறக்கச் சொல்லிக் கருக்கரிவாள் வாங்கினோம். மலையேற ஆரம்பித்ததும் இஸ்திரிக் கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார், உச்சிக்குப் போகும் வரைக்கும் உள்ளே எடுக்கவில்லை. எழுபது வளைவு என்று நான் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆள் குறைந்திருக்கும்.

அண்ணன் கட்டிலை வரப்பு மேட்டில் போடச் சொல்லி அதில் உட்கார்ந்திருந்தார். வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க அவர் வாய் திறந்தபடியே இருந்தது. "பாத்தீங்களாண்ணா?" என்று சொல்லாமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த கஷ்டமான வேலை.

வேலை என்று பார்த்தால் கண்றாவி. கம்ப்யூட்டர் இளைஞர்கள் பூ கொய்கிற மாதிரி கதிரை மட்டும் அறுத்தார்கள். "அடியில அறுங்க சாமி! மாட்டுக்கு வைக்கோலு வேண்டாமா?" என்று அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினார். ஆட்டோக்காரத் தம்பி முதல் பிடியிலேயே விரலை அறுத்துக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தான். அவன் பெண்டாட்டிதான் எல்லாரையும்விடச் சீக்கிரம் கை பழகினாள். இஸ்திரிக் கடைக்காரர் கட்டுகளைத் தலையில் தூக்கிக் களத்துக்குக் கொண்டுபோனார். அவர் அடுக்கிய போர் மடிப்புக் கலையாத வேட்டி மாதிரி இருந்தது. பேங்க் அம்மா களத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அண்ணியிடம் முறம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, முதல் நாள் முழுக்கப் பதரைத் தன் மேலேயே தூற்றிக்கொண்டார். பக்கத்து வயல்காரர்கள் அறுப்பை நிறுத்தி நிறுத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏனுங்க, அந்தப் பக்கம் சினிமா எடுக்கறாங்களா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

சிரிக்கட்டும் என்று இருந்தேன். மத்தியானம் அண்ணி களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தாள். இளைஞர்கள் களியை மென்று தின்னப் பார்த்தார்கள். மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்குள் குழம்பு தீர்ந்துவிட்டது. சாயங்காலம் யாராலும் நிமிர முடியவில்லை. மறுநாள் காலையில் எத்தனை பேர் எழுந்திருப்பார்களோ என்று பயந்துகொண்டே வயலுக்குப் போனேன். எனக்கு முன்னால் போய் நின்றிருந்தார்கள்.

இரண்டாம் நாள் பொழுதிறங்கும் முன் கடைசிக் கட்டும் அடித்து, நெல் மூட்டை கட்டி, வீட்டுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையிலேயே மேற்கே கறுத்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. வெறும் தாளாக நின்ற எங்கள் வயலில் அது கொட்டுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். மழைக்கு ஒதுங்க வந்த பக்கத்து வயல்காரர்கள் வாசலில் நின்று, உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் கட்டிலைப் பிடித்து எழுந்தார். அண்ணி ஓடிவந்தாள், வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு பேங்க் அம்மா முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுல எப்பங்க வேலை வருது?"

பேங்க் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் வேண்டாம், பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்து, "மே மாசம் வெள்ளையடிக்கணும்" என்றார்.

"வாரேனுங்க" என்றார் அண்ணன். பிறகு ஆட்டோக்காரத் தம்பி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்ப சாமி?"

ஒவ்வொருவராகக் கேட்டு முடிக்கும் வரைக்கும் அவர் உட்காரவில்லை. நான் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.