குழாயில் விழாத ஃபோட்டான்

ஜவ்வாது மலையில் ஆடி பிறந்தால் மேகம் இறங்கிவிடும். பெரிய தொலைநோக்கி இருக்கும் காவலூரில் அதற்கப்புறம் கார்த்திகை வரைக்கும் யாருக்கும் உருப்படியான வேலை கிடையாது. நட்சத்திரம் பார்க்கப் பயிற்சிக்கு வந்த பையன்கள் மழைக்காலம் முழுக்கக் கேரம் ஆடுகிறார்கள் என்று நகரத்தில் இருந்த மேலிடத்தின் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். ஆடுகிற நேரத்தில் கொஞ்சம் படிக்கட்டுமே என்று மேலிடம் நினைத்தது. அப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில், எம்.எஸ்ஸி. முடித்த சூட்டோடு, நான் தற்காலிக ஆசிரியையாக மலையேறினேன். பாடம், குவாண்டம் மின்னியக்கவியல். ஒளியும் எலக்ட்ரானும் தங்களுக்குள் எப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கின்றன என்று சொல்லும் பாடம்.

தற்காலிகம் என்றால் அதற்கு அர்த்தம் இருந்தது. மழைக்காலம் முடியும் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். ஒரு வகுப்பை உட்கார்ந்து கேட்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாணியம்பாடி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். ஊரில் சித்தப்பா நடத்திய டுடோரியலில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர இடம் தயாராக இருந்தது. மலைக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் பஸ் ஏற மாட்டேன் என்று. அந்தக் குளிர், புளியமரங்களுக்கு மேலே வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தொலைநோக்கிக் கூண்டு, யாரும் யாரையும் அதட்டாத அந்த நடமாட்டம் எல்லாம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

வகுப்பு மெஸ்ஸின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சாமை அரிசி மூட்டைகளின் மேல் கரும்பலகையைச் சாய்த்து வைத்திருந்தோம். மழை வலுத்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போடும் சத்தத்தில் சமன்பாடுகளைக் கத்திச் சொல்ல வேண்டும். கல்லூரியில் எனக்கு இந்தப் பாடம் எடுத்தவர் பலகையை நிரப்புவார், நாங்கள் பார்த்து எழுதுவோம், அழிப்பார், மறுபடி நிரப்புவார். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஆகவே பாடம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையை முதல் நாளே உடைத்தவர் ஆலங்காயத்துக்காரர். அடிவாரத்தில் விவசாயக் குடும்பம், என் வயதுதான் இருக்கும். முன்பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்தச் செருமல் கேட்டாலே நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

இரண்டு எலக்ட்ரான்களுக்கு நேர்கோடுகள் போட்டு, அவற்றுக்கு நடுவே பரிமாறிக்கொள்ளும் ஃபோட்டானுக்கு ஒரு நெளிகோடு வரைந்தேன். அவர் செருமினார்.

“மேடம், ஒரு டவுட்டுங்க. நடுவுல போற இந்த ஃபோட்டான எந்தக் குழாய்லங்க புடிப்பாங்க?”

தொலைநோக்கியின் அடியில் பொருத்தியிருக்கும், ஒளியை எண்ணும் குழாயைத்தான் சொல்கிறார். அவர்களுக்கு ஃபோட்டான் என்றால் அந்தக் குழாயில் வந்து விழுந்து ஒரு எண்ணிக்கையைக் கூட்டுவது.

“பிடிக்க முடியாதுங்க. ஒரு எலக்ட்ரான் விட்டதை இன்னொன்று வழியிலேயே எடுத்துக்கும். கணக்கில் மட்டும்தான் வரும்.”

“குழாய்ல வுழாதது இன்னா ஃபோட்டானுங்க?”

மொத்த வகுப்பும் தலையாட்டியது. என் பக்கம் ஆளே இல்லை. மெஸ்ஸில் சமைக்கும் மலைக்கார அக்கா கூட, கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, புழுவ வரஞ்சி வெச்சிக்கீற? இங்க சோறு துன்ற எடம்மா” என்றார். அன்றிலிருந்து நெளிகோட்டுக்குப் புழு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிறகு நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டாம் வாரம் ஆலங்காயத்துக்காரர் கோணமானியோடு வந்தார். வகுப்பு முடிந்ததும் பலகையருகே போய் என் படத்தை அளந்தார். முந்தைய நாள் படத்தையும் அளந்து வைத்திருந்தாராம்.

“நேத்து நீங்க போட்டதுல எலக்ட்ரான் நாப்பது டிகிரி திரும்புச்சுங்க. இன்னிக்கு அறுவது. எதுங்க கரெக்டு?”

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் அவர் மேல் தப்பில்லை. வானத்தைக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்து, அந்தத் தட்டை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. படம் என்று ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக அளவுகோலைத் தேடும். வேறெந்த ஊரிலும் ஒரு மாணவன் இந்தப் படத்தைக் கோணமானி வைத்து அளந்திருக்க மாட்டான்.

“ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் காவலூர் பஸ்ஸுக்கு வழித்தடம் எழுதியிருக்கில்ல? அதுல எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர்னுதான் இருக்கும். வழியில இருக்கிற வளைவு அந்தப் பலகையில தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அது மாதிரிதான் இதுவும். எது எதோட சேருதுங்கிறது மட்டும்தான் கணக்கு. கோணத்தை விடுங்க.”

அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கோணமானியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

இப்படியே போனது. பாசிட்ரான் என்பது காலத்தில் பின்னோக்கிப் போகும் எலக்ட்ரான் என்றால் அதற்கு நாளை நடக்கப்போவது தெரியுமா என்று ஒருவர் கேட்டார். ஃபோட்டான் எல்லா வழியிலும் போகிறதென்றால் திருப்பத்தூர் சுற்றியும் போகுமா என்று இன்னொருவர். இதற்கெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் என்னை மண்டியிட வைத்தது. இரண்டு பேர் படகுகளில் நின்று ஒருவருக்கொருவர் மூட்டையை எறிந்தால் படகுகள் விலகும், எலக்ட்ரான்கள் விலகுவது அப்படித்தான் என்று நான் பெருமையாகச் சொல்லி முடித்தேன். ஆலங்காயத்துக்காரர் செருமினார்.

“விலகறது சரிங்க. எலக்ட்ரானும் புரோட்டானும் இழுத்துக்குதே, அது எப்டிங்க? மூட்டைய எறிஞ்சா எப்டி கிட்ட வரும்?”

கணக்கில் குறி மாறும், விடை வந்துவிடும். அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. “அடுத்த வாரம் சொல்றேன்” என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். ஐப்பசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் வரும் நாளை ஜீப் ஓட்டுநர் வந்து சொன்னபோது எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

“அன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரும் வாயைத் திறக்காதீங்க. என் வேலைங்க அது.”

“டவுட்டு வந்தா இன்னா பண்றதுங்க?” என்றார் ஆலங்காயத்துக்காரர்.

“முழுங்கிடுங்க.”

பேராசிரியர் பஸ்ஸில் வந்து இறங்கி, நனைந்துகொண்டே மெஸ்ஸுக்கு நடந்து வந்தார். குடை கையில் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. சாமைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அடுக்களைக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. பலகையை நிரப்பினேன், அழித்தேன், மறுபடி நிரப்பினேன். பையன்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு எலக்ட்ரான் தானே ஒரு புழுவை விட்டு, தானே அதைப் பிடித்துக்கொள்ளும் படத்தை வரைந்தேன். எல்லாவற்றையும் கூட்டினால் விடை முடிவில்லாமல் பெருகிவிடும், அந்த முடிவிலியைக் கழித்துவிட்டால் அளந்து பார்த்த நிறை கிடைக்கும் என்று சொல்லிச் சுண்ணக்கட்டியைத் தூக்கியபோது, கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

“ஒரு சந்தேகம்மா. முடிவிலியிலேருந்து முடிவிலியைக் கழிச்சா எது வேணும்னாலும் வருமே. உங்களுக்கு மட்டும் எப்படிச் சரியான விடை வருது?”

புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன்.

“அது புஸ்தகத்துல இருக்கு. நீங்க சொல்லுங்க.”

டுடோரியலின் தகரக் கூரை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முன்பெஞ்சில் ஆலங்காயத்துக்காரர் முகம் சிவந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையோ முழுங்க முடியாமல் தவிக்கிறார் என்று தெரிந்தது. போவது போகட்டும் என்று, “கேளுங்க” என்றேன்.

“கேள்வி இல்லீங்க மேடம். இது நாம டெய்லி பண்றதுதானுங்களே. நட்சத்திரத்தோட வானத்து வெளிச்சமும் சேந்துதான் குழாய்ல வுழுது. பக்கத்துல வெறும் வானத்த எண்ணி கழிச்சிடறோம்.”

“வெறும் வானத்தைத் தனியா எண்ணலாம் தம்பி” என்றார் பேராசிரியர். “புழுவே சுத்தாத வெறும் எலக்ட்ரான் ஒண்ணை எங்க போய் எண்ணுவீங்க?”

அவரும் புழு என்றதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஆலங்காயத்துக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது தவறுதான். ஆனால் எனக்குள் எதுவோ திறந்துகொண்டது. பேராசிரியரை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினேன்.

“கண்ணாடியில இருக்கிற தூசி எவ்வளவு வெளிச்சத்தைத் தின்னுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“காத்து எவ்வளவு தின்னுது?”

“அதும் சரியா தெரியாதுங்க. நாளுக்கு நாள் மாறும்.”

“அப்புறம் எப்படி நட்சத்திரத்தோட பிரகாசத்தைச் சொல்றீங்க?”

“பக்கத்துல ஸ்டாண்டர்டு ஸ்டார் ஒண்ண மொதல்ல எண்ணுவோம். அதோட பிரகாசம் முன்னயே தெரியும். அதே கண்ணாடி, அதே காத்து, அதே குழாய். அப்பறம் நம்ம ஸ்டார். ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்த எடுத்தா, துன்ன கணக்கு அடிபட்டுப் போயிடும்ங்க.”

“அவ்வளவுதான்” என்றேன். “வெறும் எலக்ட்ரான் நமக்கு வேணாம். ஆய்வகத்துல அளந்த எலக்ட்ரானோட நிறைதான் நம்ம ஸ்டாண்டர்டு ஸ்டார். மத்த எல்லாத்தையும் அதை வச்சுத்தான் சொல்றோம். புழுக்கள் எவ்வளவு தின்னுச்சுன்னு தெரியவே வேண்டாம்.”

“தின்னது முடிவிலியா இருந்தாலுமா?” என்றார் பேராசிரியர்.

“ஒரு எல்லை வரைக்கும் தின்னதா வச்சுக்கிட்டு, முதல்ல வித்தியாசத்தை எடுக்கணும் சார். அப்புறம்தான் எல்லையை நீக்கணும். முடிவிலிக்குப் போயிட்டு வந்து கழிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே வாய்தானே தின்னுது.”

இதைச் சொல்லும்வரை இது எனக்குத் தெரியாது. பல மாதமாகக் கழித்துக்கொண்டிருந்ததை அந்த நிமிஷம்தான் புரிந்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் வேலை மறந்துபோயிற்று.

அதற்கப்புறம் கட்டுப்பாடெல்லாம் காற்றில் போனது. பையன்கள் ஆளுக்கொரு பக்கம் கேட்க ஆரம்பித்தார்கள். பேராசிரியரே எழுந்து வந்து பலகையில் ஒரு படம் போட்டார். ஆலங்காயத்துக்காரர் தன்னை மறந்து கோணமானியை எடுத்துக்கொண்டு போய் அதில் வைத்தார். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பழைய செருமல் கேட்டது.

“சார், மூட்டைய எறிஞ்சா எப்டிங்க கிட்ட வரும்?”

பேராசிரியர் என்னைக் கைகாட்டினார். “அடுத்த வாரம் சொல்றேன்னு ஆடியிலேருந்து சொல்லிட்டிருக்கேன் சார்” என்றேன். அடுக்களையில் அக்கா சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

மாலைப் பஸ்ஸுக்கு அவரோடு நடந்தேன். தூறலில் இந்த முறை குடையை விரித்திருந்தார்.

“பசங்க தினமும் இப்படித்தான் கேப்பாங்களா?”

“இதைவிட மோசமா கேப்பாங்க சார். இன்னிக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்.”

“தெரிஞ்சுது. பாதி வகுப்பு வரைக்கும் உங்களைத் திருப்பி அனுப்பிடலாம்னுதான் இருந்தேன்.”

“மிச்சப் பாதிக்கு சார்?”

பஸ் வந்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பஸ்ஸைக் கல்லால் அடித்திருப்பேன்.

கார்த்திகை கடைசியில் வானம் வெளுத்தது. கேரம் பலகை மூலைக்குப் போனது. கூண்டைத் திறந்து எண்ணெய் போடும் வேலை தொடங்கியது. ஒரு மத்தியானம் ஜீப் ஓட்டுநர் என்னைத் தேடிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்து, “நிரந்தரமாம்மா. ஆபீசுல சொல்லச் சொன்னாங்க” என்றார். நான் சாமை மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விஷயம் தெரியாத ஆலங்காயத்துக்காரர் அந்த நேரம் பார்த்துக் கையெல்லாம் எண்ணெயோடு உள்ளே வந்தார். என் கண்ணைப் பார்த்ததும் தயங்கி நின்றார். பிறகு பழக்கம் விடாமல் செருமினார்.

“ஒண்ணுமில்லீங்க மேடம். போறதுக்குள்ள அந்த இழுக்கிற கணக்க மட்டும் சொல்லிட்டுப் போனீங்கன்னா...”

“அடுத்த ஆடியில சொல்றேன்” என்றேன்.