சர்க்கரை மாத்திரை

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. தையல் ஒரு நூல் விலகினாலும் அந்த ஜோடியை ஒதுக்கி வைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் மட்டும் புத்தி மாறிவிடுமா?

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய்; பல வருடமாகத் தினமும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். தோல் பதனிடும் டேனரியில் நாள் முழுக்க ரப்பர் கம் பூட்ஸோடு ஈரத்தில் நிற்பவர். பூட்ஸ் கடித்து வலது கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அங்க போனா காலை எடுத்துடுவாங்க" என்று மிரண்டார். அவரோடு வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

அதனால் ஊரில் இருக்கிற வைத்தியமெல்லாம் வீட்டுக்குள் நுழைந்தது. ஓமியோபதிக்காரர் வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். பேரணாம்பட்டில் ஒருவர் முதுகில் கிண்ணம் கவிழ்த்துக் கெட்ட ரத்தம் எடுத்தார். இன்னொருவர் காதில் ஊசி குத்தினார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. புண் பெரிதானபோது மட்டும் மூன்று பேரும் பேசி வைத்த மாதிரி, உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்றார்களாம்.

"அது எப்டிங்க, கம்மியானாலும் மருந்து வேலை செய்யுது, ஜாஸ்தியானாலும் வேலை செய்யுதா?" என்று கேட்டேன். அவர் டிவியைப் பார்த்தார்.

ஒருநாள் காலையில் உருண்டைப் புட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். இனித்தது, வேறொன்றுமில்லை. சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரை உருண்டையா? கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கம்பெனி வண்டி வந்து நின்ற அவசரத்தில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினேன்.

"அந்தச் சர்க்கரை மாத்திரைய மொதல்ல நிறுத்துங்க. அதான் உங்க காலைத் தின்னுது."

"சரிம்மா, நிறுத்திட்றேன். பேஜார் பண்ணாத."

நான் சொன்னதை ஒரே பேச்சில் கேட்கிற ஆள் இல்லை அவர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்து உளற ஆரம்பித்தார். பாதம் கருத்து வீங்கியிருந்தது. ஆட்டோ பிடித்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் அவருக்கு நினைவு தெளிந்ததும், ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்த டாக்டரம்மா, "சுகர் மாத்திரைய எப்போ நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு பேர்ல எவன் நிறுத்தச் சொன்னான்? சொல்லுங்க, உண்டு இல்லைன்னு பண்ணிட்றேன்."

வீட்டுக்காரர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். "நீதானம்மா சொன்ன, சர்க்கரை மாத்திரைய நிறுத்துன்னு. அன்னைக்கே சுகருக்குப் போட்ற மாத்திரைய நிறுத்திட்டேன். உருண்டைய மட்டும் விடாம சாப்ட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.